அவளை வேலை செய்ய விடுங்கள்: அந்தக் காலத்துப் பெண் இன்ஜினியரைப் பற்றிக் கதை எழுதுவது எப்படி?

சரித்திரக் கதை எழுதும் இளையவர்கள் சிலர் தங்கள் பிரதிகளை எனக்கு அனுப்புகிறார்கள். நான் மின்சாரத் துறையில் டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கதையும் எழுதுகிறவள் என்பதால் என்னிடம் வருகின்றன. முதல் பெண் டாக்டர், முதல் பெண் வக்கீல், முதல் பெண் இன்ஜினியர் என்று நாயகிகள். பெரும்பாலும் ஒரே அமைப்பு. அப்பா மறுக்கிறார், பாட்டி அழுகிறாள், ஊர் பேசுகிறது, வகுப்பில் பையன்கள் சிரிக்கிறார்கள், கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. அதோடு கதை முடிகிறது. அந்தப் பெண் ஒரு நாளாவது அந்த வேலையைச் செய்வதை நான் பார்க்க முடிவதில்லை.

இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அவள் அத்தனை பாடுபட்டது அந்த வேலையைச் செய்யத்தானே? அதை எழுத்தில் கொண்டுவர என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அதனால் 1940களின் சென்னையையும் கிண்டி பொறியியல் கல்லூரியையும் வைத்துக்கொள்வோம். உங்கள் நாயகி கம்பவுண்டராகவோ டெலிபோன் ஆபரேட்டராகவோ சிறை வார்டனாகவோ இருந்தாலும் வழி இதுதான்.

வருஷத்தோடு மாதத்தையும் தீர்மானியுங்கள்

"சுதந்திரத்துக்கு முன்பு" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்காதீர்கள். 1940 ஜூன் மாதச் சென்னையும் 1942 ஏப்ரல் மாதச் சென்னையும் இரண்டு வேறு ஊர்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டும் போனது. மின்சாரம் படிக்கும் பெண்ணுக்கு இந்த மாதங்களில் தெருவிளக்குகூட ஒரு பாடம்தான். விளக்குகளுக்கு மூடி போட்ட நகரத்தில் அவள் விளக்கெரிக்கும் கலையைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

எழுதுகிறவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொன்று கடிகாரம். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் காலை 7 மணிக்கு உங்கள் நாயகி கிண்டிக்குப் புறப்பட்டால் வெளிச்சம் இன்றைய 6 மணி வெளிச்சம். மார்கழியில் அவள் இருட்டில்தான் வாசல் படி இறங்குவாள். வாசலில் கோலம் போட்டாகிவிட்டதா, பால்காரர் வந்துவிட்டாரா என்பதெல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

ஏன் இந்த வேலைக்கு வந்தாள்?

கிண்டியில் முதலில் பொறியியல் படித்த பெண்கள் மூவர்: ஏ. லலிதா, லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா. லலிதா 1919இல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவரை இழந்தார், கையில் சில மாதக் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர்தான் முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டேதமிடமும் பேசி அனுமதி வாங்கினார். 1940இல் லலிதா சேர்ந்தார். அடுத்த வருஷம் மற்ற இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். போருக்காகப் படிப்பைச் சில மாதங்கள் குறைத்ததால் மூன்று பேரும் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள்.

லலிதா ஏன் மருத்துவம் படிக்கவில்லை தெரியுமா? அந்தக் காலத்தில் படிக்க நினைத்த பெண்ணுக்கு மருத்துவம் ஓரளவு திறந்திருந்த கதவு. முத்துலட்சுமி ரெட்டி 1912இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார். ஆனால் டாக்டரானால் நடுராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலையாக இருந்தால் குழந்தையோடு இருக்கலாம். லலிதா இன்ஜினியரிங் பக்கம் திரும்பியதற்கு இதுவும் காரணம் என்று அவர் மகள் சொல்லியிருக்கிறார்.

இந்த ஒரு தகவலை நான் எழுத வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். உங்கள் நாயகிக்கு "சிறு வயதிலிருந்தே மின்னலைக் கண்டு வியந்தாள்" என்று ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். வீட்டுக்குள்ளிருந்து ஒரு காரணம் கொடுங்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தக் கடன் பாக்கி, குழந்தையை மாலையில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தேடுங்கள். அந்தக் காரணம் பிறகு கதை முழுக்க உங்களுக்கு உதவும். ஐந்து மணிக்கு அலுவலகத்தில் ஒரு கணக்கு முடியாமல் நின்றால், அது குழந்தையைப் பற்றிய காட்சியாகவும் ஆகிவிடும்.

அந்தக் குழந்தையை யார் தூக்கி வளர்த்தார்கள் என்றும் எழுதுங்கள். வேலைக்குப் போன ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால் அம்மாவோ நாத்தனாரோ, சம்பளத்துக்கு வந்த இன்னொரு பெண்ணோ இருந்தாள். அவளும் வேலை செய்கிறவள்தான்.

வேலையைக் கையில் எடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். என் தொழில் என்பதால் எனக்கும் ஆசையாக இருக்கிறது.

1940களின் வரைபட அறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த பெரிய மேஜைகள், டி-ஸ்கொயர் என்ற T வடிவ அளவுகோல், இந்தியன் இங்க் நிரப்பும் ரூலிங் பேனா. வரைவது ட்ரேசிங் துணி மேல். மெல்லிய துணிக்குக் கஞ்சி போட்டு இழைத்து மினுமினுப்பாக்கியது அது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடம் வெளுத்துக் கெட்டுவிடும். சென்னை மே மாதத்தில் மணிக்கட்டு வியர்வை என்ன செய்யும் என்று யோசியுங்கள். மணிக்கட்டுக்குக் கீழே கைக்குட்டை போடாமல் யாரும் வரைய முடியாது. மின்விசிறி சுழன்றால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வியர்க்கும். கோட்டில் பிசகினால் பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். கண்ணாடி வளையல் போட்டவள் என்றால் காயாத மைக்கோட்டில் அது உரசும், ஒவ்வொரு தடவையும் மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். லலிதாவின் நிலையிலிருந்த பெண்ணுக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது. கையில் வளையல் இருந்திருக்காது. இதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள், விளக்க வேண்டாம். நம் வாசகர்களுக்குப் புரியும்.

அடுத்தது கணக்கு. கால்குலேட்டர் கிடையாது. ஸ்லைடு ரூல் என்ற, நடுப்பட்டையை நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோலும் லாக் டேபிள் என்ற மடக்கை அட்டவணையும்தான். ஸ்லைடு ரூல் மூன்று இலக்கம் வரைதான் சொல்லும், புள்ளி எங்கே என்று சொல்லாது. 2.5, 25, 250 மூன்றும் அதில் ஒரே இடம். எது சரி என்பதை மனசுக்குள் தோராயமாகப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை வைத்தே ஒரு பாத்திரத்தை எழுதிவிடலாம். ஒரு எண்ணைப் பார்த்ததும் தயங்காமல் "இருபத்தைந்து, இருநூற்றைம்பது கிடையாது" என்று சொல்கிறவள் எப்படிப்பட்டவள்? சமையலறையில் உப்பை எப்படிப் போடுவாள்? அண்ணன் பாகம் பிரிக்கும்போது எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாள்?

மின்கம்பியின் தொய்வைக் கணக்கிடுவதை உதாரணமாக எடுக்கலாம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கம்பி நேராக நிற்காது, துணி காயப்போடும் கொடிபோல நடுவில் தொங்கும். அடிக்கு 0.6 பவுண்டு எடையுள்ள கம்பி, கோபுரங்களுக்கு இடையே 1000 அடி, இழுவிசை 3000 பவுண்டு என்றால் நடுவில் 25 அடி தொங்கும். இழுவிசையை மாற்றாமல் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தொய்வு நாலு மடங்காகி 100 அடி ஆகிவிடும். வெயில் ஏறினால் கம்பி நீண்டு இன்னும் தாழும். குளிரில் சுருங்கி விறைக்கும். ரொம்ப இழுத்துக் கட்டினால் மார்கழியில் அறுந்துபோகிற ஆபத்து, ரொம்பத் தளர்த்தினால் சித்திரையில் மரத்தைத் தொடுகிற ஆபத்து. ஆறு மாதம் கழித்து வரப்போகும் வெயிலுக்காக இன்று ஒரு எண்ணைத் தீர்மானிக்கிறாள் அவள். இப்படி ஒரு வேலை உங்கள் கையில் இருக்கும்போது பையன்கள் விசிலடிக்கும் காட்சி எதற்கு?

அளவுகளைக் கவனித்திருப்பீர்கள். அடி, பவுண்டு. வெயிலை எண்ணில் சொல்வதென்றால் ஃபாரன்ஹீட். மெட்ரிக் முறை நம் நாட்டில் 1958இலிருந்துதான் படிப்படியாக வந்தது. 1944இல் உங்கள் நாயகி "எட்டு மீட்டர்" என்று சொன்னால் என்னைப் போன்றவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவோம்.

சரி, எப்படி எழுதுவது என்று ஒரு சின்ன மாதிரி காட்டுகிறேன். ருக்மிணி என் கற்பனைப் பாத்திரம். வருஷம் 1944.

"மணி பத்துகூட ஆகவில்லை, மணிக்கட்டுக்குக் கீழே போட்ட கைக்குட்டை நனைந்துவிட்டது. ருக்மிணி அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படத்தின் மேல் குனிந்தாள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, கம்பி மிகவும் தாழும் இடத்துக்குக் கீழே, சர்வேயர் சின்னதாக ஒரு வட்டம் போட்டு 'பனை, 8 அடி' என்று எழுதியிருந்தார்.

'நாயுடுகாரு, இது எந்த மாதிரிப் பனை?'

'எட்டடிப் பனைம்மா. கம்பி இருபத்தஞ்சு அடி உசரத்துல போவுது. ஒண்ணும் ஆவாது.'

'எட்டடின்னா அது வடலி. இன்னும் வளரும்.'

ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் நாயுடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். 'அறுபது அடி வளரும்' என்றார் தனக்குள் பேசுவதுபோல. 'வெட்டச் சொல்லி எழுதிடலாமா?'

பாட்டி ஊரில் ஒரு வடலியை வெட்டினதற்கு இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஸ்லைடு ரூலை எடுத்தாள். 'முதல்ல கோபுரத்தை நகர்த்த முடியுமான்னு பாத்துடறேன்.'"

இங்கே அவளை யாரும் அவமதிக்கவில்லை. அவளும் எதிர்த்து முழங்கவில்லை. ஆனால் அவளுக்கு வேலை தெரியும் என்பதும், பாட்டி ஊரில் கற்றது இங்கே உதவுகிறது என்பதும், அந்த வயசான மனிதர் அவளை அன்று முதல் வேறு விதமாகப் பார்ப்பார் என்பதும் வந்துவிட்டன. மரத்தின் சொந்தக்காரர் நாளைக்குக் கதைக்குள் வர வழியும் திறந்திருக்கிறது.

இப்படிப்பட்ட விஷயங்கள் புத்தகத்தில் கிடைப்பது அரிது. அந்தத் தொழிலில் இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற லைன்மேன்கள், ஃபோர்மேன்கள், டிராஃப்ட்ஸ்மேன்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதவி உயர்வு, பென்ஷன் என்று பேச்சு போய்விடும். காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள், சாயங்காலம் உடம்பில் எந்த இடம் வலிக்கும், எந்தச் சத்தம் கேட்டால் ஏதோ சரியில்லை என்று தெரியும் என்று கேளுங்கள். டிரான்ஸ்பார்மரின் முனகல் மாறினால் எங்களுக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடும். தூறல் விழும் இரவில் உயர் அழுத்தக் கம்பியடியில் நின்றால் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் கேட்கும். வேலை ஆரம்பிக்கும் முன் லைனில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்து எழுதி வாங்கும் 'லைன் கிளியர்' தாளை ஒரு ஃபோர்மேன் எப்படிச் சட்டைப் பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மேலே ஏறியிருக்கும் ஆளின் உயிர் அந்தத் தாளில் இருக்கிறது.

கழிப்பறை பற்றியும் கூசாமல் எழுதுங்கள். லைன் சர்வேக்குப் போகும் நாட்களில் நாங்கள் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். என் காலத்திலேயே அப்படி என்றால் 1940களில் எப்படி இருந்திருக்கும்? பெண்களே இல்லாத கட்டடத்தில் பெண்களுக்கான கதவு எங்கே இருந்திருக்கும்? உங்கள் நாயகியின் முதல் வாரத்தை இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுத முடியும்.

வேலைத்தளத்தில் ஏற்கனவே இருந்த பெண்கள்

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. செங்கல் தூள் சேர்த்த சுர்க்கிக் கலவையைத் தலையில் சுமந்த சித்தாள்கள் இல்லாமல் அப்படி ஒரு அணை எழும்பியிருக்காது. அதனால் உங்கள் இன்ஜினியர் நாயகி வேலைத்தளத்தில் கால் வைக்கும்போது "ஆண்களின் உலகத்தில் முதல் பெண்" என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அவளுக்கு முன்பே நூற்றுக்கணக்கான பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். புதுசாக வந்தது படம் வரைந்து கையெழுத்துப் போடும் பெண் மட்டும்தான்.

இந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள்? சித்தாள் அவளை என்னவென்று கூப்பிடுவாள்? இவள் நிழலில் உட்காரும்போது அவள் எங்கே நிற்பாள்? அவள் கையிலிருந்து இவள் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா? சாதியும் வர்க்கமும் இல்லாத 1940களை எழுதினால் அது பொய். பேராசிரியர் வீட்டுப் பெண்ணுக்குத் திறந்த கதவு சித்தாளின் மகளுக்குத் திறக்கவில்லை. நாயகியை நாம் நேசிப்பதால் இதை மறைக்க வேண்டியதில்லை. அவள் அதைப் பார்த்தாளா, பார்த்தும் பேசாமல் இருந்தாளா என்பதை எழுதும்போதுதான் அவள் முழு மனுஷி ஆகிறாள்.

சட்டம், காசு

கதைக்குத் திருப்பம் வேண்டுமென்றால் வில்லனைத் தேடும் முன் அந்த வருஷத்துச் சட்டத்தைப் பாருங்கள். சாரதா சட்டப்படி 1930 முதல் பெண்ணின் கல்யாண வயது 14. ஆகவே 15 வயதில் நடந்த கல்யாணம் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 1937இல் வந்த சட்டம் இந்து விதவைக்குக் கணவனின் சொத்தில் ஒரு பங்கு கொடுத்தது, ஆனால் அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்க மட்டும்தான். விற்கும் உரிமை அநேகமாக இல்லை. படிப்புச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது.

1934ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கக் கூடாது என்று 1930களின் முடிவில் முழுத் தடை வந்தது. போரில் நிலக்கரி தேவைப்பட்டதும் 1943இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். போர் முடிந்ததும் 1946இல் மறுபடி போட்டார்கள். பெண்ணின் பாதுகாப்பு பற்றிய பேச்சு எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்பதை இந்த மூன்று வருஷமே காட்டிவிடுகிறது. சுரங்கப் பெண்ணைப் பற்றி யாராவது தமிழில் எழுத மாட்டார்களா என்று எனக்கு வெகுநாளாக ஏக்கம்.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. "இன்றைய மதிப்பில் இவ்வளவு" என்று கதைக்குள் கணக்குச் சொல்லாதீர்கள். அவள் சம்பளம் வாங்கி வந்து மளிகைக் கடைக்கு எவ்வளவு, பால்காரருக்கு எவ்வளவு என்று பிரித்து வைப்பதைக் காட்டினால் மதிப்பு தானாகப் புரியும்.

எங்கே தேடுவது

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகள் இருக்கின்றன. அங்கே போகும்போது "பெண்கள்" என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். துறையின் பெயரில் தேடுங்கள்: பொதுப்பணி, மின்சாரம், கல்வி. ஒரு பெண்ணுக்குத் தனிக் கழிப்பறை கட்ட அனுமதி கேட்ட கடிதம் கட்டட பராமரிப்புக் கோப்பில்தான் இருக்கும். செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் நியமனங்கள், இடமாற்றங்கள் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர் புத்தகங்களில் பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் இருக்கும். கன்னிமாரா நூலகத்துக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் போங்கள். தமிழிணைய மின்னூலகத்தில் வீட்டிலிருந்தபடியே பழைய இதழ்களைப் புரட்டலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில்வாரி அட்டவணைகள் உண்டு. 1941 கணக்கெடுப்பைப் போர் காரணமாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதால் 1931ஐப் பாருங்கள். எந்தெந்தத் தொழிலில் பெண்கள் கணக்கில் வந்திருக்கிறார்கள் என்று விரலை வைத்து வரிவரியாகப் படித்தால் நீங்கள் நினைத்தே பார்க்காத நாயகி ஒருத்தி அங்கே ஒரு எண்ணாக நின்றுகொண்டிருப்பாள்.

மொழிநடைக்கு வை. மு. கோதைநாயகி அம்மாள் நடத்திய 'ஜகன்மோகினி' போன்ற இதழ்களைப் படியுங்கள். அவரே வழக்கத்துக்கு மாறான தொழில் செய்த பெண்தான்: 1925இலிருந்து பத்திரிகை ஆசிரியர். கதைகளைவிட வாசகர் கடிதங்களையும் விளம்பரங்களையும் அதிகம் படியுங்கள். குடும்பங்களில் இருக்கும் குரூப் போட்டோக்களில் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். செருப்பு உண்டா, யார் நாற்காலியில், யார் தரையில், யார் கையில் கடிகாரம்.

அவள் வாயில் நம் பேச்சைத் திணிக்காதீர்கள்

2020களின் மேடைப்பேச்சை 1942இல் ஒரு பெண் பேசினால் கேட்கச் சகிக்காது. அதற்காக அந்தக் காலத்துப் பெண்கள் ஒன்றும் யோசிக்கவில்லை என்று எழுதுவதும் தப்பு. 1917இலேயே அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியாயிற்று. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும், எல்லா வேலைகளும் திறக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆகவே உங்கள் நாயகிக்குப் பேச அவள் காலத்துச் சொற்களே தாராளமாக இருக்கின்றன. அவள் எந்தக் கூட்டத்துக்குப் போனாள், எந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்தது, அப்பா எந்தக் கட்சி என்று முதலில் தீர்மானியுங்கள். பேச்சு பிறகு தானாக வரும். அவள் சனாதனியாகவும் இருக்கலாம். விரதம் தவறாமல் இருந்துகொண்டே சப்ஸ்டேஷன் படம் வரைந்த பெண்ணை நான் நம்புவேன்.

எதிர்ப்பைக் காட்டும்போதும் எல்லோரையும் ஒரே குரலில் கத்த விடாதீர்கள். அந்த மூன்று பெண்களின் பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும்படி அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பேனாவால் பெண்பாலாக மாற்றிக் கொடுத்தார்கள். இது உண்மைச் சம்பவம். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் அங்கேயே கதையை முடிக்கத் தோன்றும். முடிக்காதீர்கள், நடுவில் வையுங்கள். அந்தக் குமாஸ்தா கோபத்தோடு அடித்தாரா, தன் மகளை நினைத்துக்கொண்டே கவனமாக அடித்தாரா? அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு அவள் அடுத்த நாள் எங்கே போனாள்?

லலிதா போன இடங்களைப் பாருங்கள்: ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருஷப் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, அப்பாவோடு அவருடைய புகையில்லா அடுப்பு, மின் இசைக்கருவி ஆராய்ச்சிகள், அப்புறம் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். அங்கே மின்தடங்களும் சப்ஸ்டேஷன் அமைப்புகளும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின் வேலைகளில் அவருக்குப் பங்கு உண்டு. 1964இல் நியூயார்க்கில் பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பட்டத்துக்குப் பிறகு இத்தனை வருஷ வேலை இருக்கும்போது கதை ஏன் பட்டத்தோடு நிற்க வேண்டும்?

உண்மையான ஆட்களை என்ன செய்வது

இவர்களையே நாயகியாக்கி எழுதலாமா என்று கேட்பார்கள். என் வழக்கம், அவர்களுக்குப் பக்கத்து வகுப்பில் ஒரு கற்பனைப் பெண்ணை உட்கார வைப்பது. உண்மையானவர்கள் வராந்தாவில் நடந்து போகலாம், ஒரு வார்த்தை பேசலாம். அவர்களுக்கு நான் காதல் கட்ட மாட்டேன், அழுகை கட்ட மாட்டேன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள். கதையின் முடிவில் எது நடந்தது, எது கற்பனை என்று அரைப் பக்கம் எழுதிவிடுங்கள்.

பிரதி முடிந்ததும் இலக்கிய நண்பர்களுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தொழிலில் இருந்த ஒருவருக்குக் கொடுங்கள். படிக்க நேரமில்லை என்றால் வேலைக் காட்சிகளை மட்டும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். என் கதை ஒன்றை வயசான லைன் இன்ஸ்பெக்டர் ஒருவருக்குப் படித்தபோது, கோபுரத்தில் ஏறும் ஆள் கையுறை போட்டிருந்தானா என்று நடுவில் நிறுத்திக் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழு அத்தியாயம் வந்தது. அவர்கள் நிறுத்திக் கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மறுபடி எழுத ஆரம்பியுங்கள்.